ஆறாவது தட்டு

அன்றைக்கு ஐந்து மரவண்டிகளைத்தான் கோர்த்திருந்தார்கள். ஐந்து வண்டிக்கு ஐந்து பிரேக்காரர்கள். டிரைவர் மீராசாஹிப் விசில் கயிற்றை ஒரு தடவை சுண்டிவிட்டு, எஞ்சினின் பக்கத் திறப்பில் தலையை வெளியே நீட்டி, வழக்கம்போலக் காதைக் கொடுத்தார். பகல் இரண்டு மணிக்கே ரிவர்ஸ்டன் பக்கத்து மூடுபனி இறங்கிவந்து, முதல் வண்டிக்குப் பின்னால் எதையும் பார்க்கவிடாமல் செய்திருந்தது. ஈர மரப்பட்டையின் புளித்த வாடையும் விறகுப் புகையும் சூடான எண்ணெயும் கலந்து மூக்கை அடைத்தன. பனிக்குள்ளிருந்து பதில் வரத் தொடங்கியது. டங், முதல் வண்டி. டங், இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவதும் வந்தது. அவருடைய கை, ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை நோக்கிப் போன அதே நேரத்தில், எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து, ஆறாவதாக ஒன்று வந்தது.

பெரிய சத்தமில்லை. சுத்தியலால் இரும்பில் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் அது சுத்தமான டங் இல்லை. தலை வெடித்த சுத்தியல் எழுப்புகிற, கடைசியில் கரகரவென்று இழுபடுகிற தட்டு. அப்படிப்பட்ட சுத்தியல் அந்தப் பாதையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பொன்னையாவுடையது. பொன்னையா செத்துப் பதினாறு நாளாகிவிட்டது. சுத்தியல் கம்பனிக் கந்தோர் அலுமாரிக்குள் விசாரணைக் காகிதங்களோடு பூட்டிக் கிடந்தது.

“பாறையில பட்டுத் திரும்புது நானா,” என்றான் ஃபயர்மேன் இராசமாணிக்கம், அடுப்புக்குள் விறகை எறிந்தபடியே. மீராசாஹிப் எதுவும் கேட்காமலே அவன் சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆமாம், பாறைதான் என்று தலையாட்டிவிட்டு, புறப்படுவதற்கான நீள விசில் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாறை இருக்கிறது, ஒருநாளும் ஒரு தட்டைக்கூடத் திருப்பித் தந்ததில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த எஞ்சினுக்குக் கறுப்பி என்று பெயர். 1911இல் சீமையில் வார்க்கப்பட்டவள். முதலில் தெற்குக் கரையில் எங்கோ அலைதடுப்புச் சுவருக்குக் கல் இழுத்தாள். பிறகு மரக் கம்பனிக்காரன் வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றி, மாட்டு வண்டிகளில் ரத்தோட்டை ஏற்றத்தில் ஏற்றிவந்து, மலைக்கு மேல் போட்டிருந்த ஏழு மைல் தண்டவாளத்தில் நிறுத்தினான். வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, கம்பனியும் கைமாறியது. கறுப்பி மட்டும் காலையில் வெறும் வண்டிகளோடு ஏறி, மத்தியானத்துக்குப் பிறகு மரத்தோடு இறங்கிக்கொண்டே இருந்தாள். ஐம்பது வயதில் அவளுக்கு இல்லாத நோய் இல்லை. கொதிகலன் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஓடைத் தண்ணீர் குடித்தால் இருமினாள். ரெகுலேட்டரை இறுக்கி மூடினாலும் கொஞ்சம் ஆவி கசிந்து, நின்ற இடத்திலேயே முன்னால் நகரப் பார்த்தாள். இதையெல்லாம் எந்தக் காகிதத்திலும் எழுதாமல், விடியற்காலையில் தானே போய் அடுப்பு மூட்டி, சாம்பல் வாரி, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்து, அவளை ஓடவைத்தது மீராசாஹிப். மாத்தளைக் கடைத்தெருவில் அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாம் கறுவாவும் மிளகும் விற்றுக்கொண்டிருக்க, இவர் ஒருவர்தான் உடம்பெல்லாம் கரியோடு திரிந்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்.

அந்தக் கர்வத்துக்கு உச்சம், அவரே போட்ட ஒரு சட்டம். மரம் ஏற்றுகிற இடமான பாறையடி, சரிவில் இருக்கிறது. ஏற்றும்போது வண்டி ஓடிவிடாமல் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்கும் முன்னால் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். டிரைவர் குறுகிய விசில் கொடுத்ததும் பிரேக்காரன் பிரேக்கை இறுக்கிவிட்டு, அடியில் புகுந்து, கட்டையைச் சுத்தியலால் அடித்து எடுத்து, வண்டியில் ஏறி நின்று, மூலையில் இருக்கும் இரும்புக் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நான் வெளியே வந்துவிட்டேன், இழுக்கலாம் என்று அர்த்தம். ஆறு வண்டி, ஆறு தட்டு. ஆறும் வராமல் என் எஞ்சின் நகராது, துரை சொன்னாலும் நகராது என்று ஊரறியச் சொன்னவர் மீராசாஹிப். ஒருமுறை துரையே சொல்லி, நகராமல் நின்றும் காட்டியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர்தான் பொன்னையா செத்த அன்றைக்கு, ஆறு வராமலே நகர்ந்தார். காலையில் தாமதத்துக்காகக் கம்பனி சுப்பிரண்டன் எல்லார் முன்னாலும் ஏசியிருந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஐந்து தட்டுக் கேட்டது. ஆறாவதுக்காக இரண்டு மூச்சு விடுகிற நேரம் காத்தார். பொன்னையாதானே, கெட்டிக்காரன், ஏறியிருப்பான், மழையில் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரெகுலேட்டரைத் திறந்தார். ரயிலின் கடைசியில் எதன்மேலோ ஏறி இறங்கிய அதிர்வு எஞ்சின் வரைக்கும் வந்து, அவருடைய உள்ளங்காலில் தெரிந்தது.

விசாரணையில், ஆறும் கேட்டது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேறென்ன சொல்வது? அவருடைய சட்டத்தை அவரே மீறினார் என்றா? ஆகவே பொன்னையா தட்டிவிட்டு, பிறகு காரணமில்லாமல் மறுபடி அடியில் புகுந்தான், பிழை அவனுடையதே என்று எழுதி ஃபைலை மூடினார்கள். பிழை அவனுடையது என்பதால் அவன் மனைவி மாரியாயி மாத முடிவில் கம்பனிக் குடியிருப்பான லயத்துக் காம்பராவை விட்டுப் போக வேண்டும் என்றும் எழுதினார்கள்.

மாரியாயி போகவில்லை. வீட்டில் ஒருவர் வேலை செய்தால் காம்பரா உண்டு என்பது கம்பனியின் சட்டம். சரி, அந்த வேலையை எனக்குக் கொடு என்று கந்தோர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பொம்பளைக்கு பிரேக் வேலையா என்று சிரித்தார்கள். இரண்டு நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது வண்டியில் ஏற வேறு எந்த ஆணும் முன்வராததால், மூன்றாம் நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவள் கேட்ட இன்னொரு பொருள், புருஷனின் சுத்தியல். அலுமாரியைத் திறந்து அதையும் கொடுத்தார்கள்.

அவள் முதல் நாள் வேலைக்கு வந்ததை மீராசாஹிப் எஞ்சினிலிருந்து பார்த்தார். காட்டு அட்டைக் கடிக்குப் பயந்து பிரேக்காரர்கள் செய்கிற மாதிரியே முழங்கால்வரை சவர்க்காரமும் சுண்ணாம்பும் பூசி, மேலே சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். அவரைக் கடந்து போகையில் நின்று, முகத்தை நேராகப் பார்த்தாள். அவர்தான் வேறு பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத குழாயைத் துடைத்தார்.

அன்று மத்தியானம் குறுகிய விசில் கொடுத்தார். ஐந்து தட்டு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆறாவது, கரகரத்த தட்டு.

“ஆறு,” என்றான் இராசமாணிக்கம்.

மீராசாஹிபின் கை ரெகுலேட்டரில் இருந்தது. இழுக்கவில்லை. அது சீக்கிரமாக வந்துவிட்டது. கடைசி வண்டிதான் பெரியது, அதன் கட்டை ஈரத்தில் ஊறிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பொன்னையாவுக்கே அதை எடுக்க நேரம் பிடிக்கும். புதிதாக வந்தவள் எப்படி இவ்வளவு சுருக்காக எடுத்திருப்பாள்? அடுப்பில் விறகு வெடித்தது. ஆவி மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒழுகியது வியர்வையா பனியா என்று தெரியவில்லை. இராசமாணிக்கம் ஏன் நிற்கிறோம் என்பதுபோலப் பார்த்தான். அப்போது பனிக்குள்ளிருந்து இன்னொன்று வந்தது. அதே சுத்தியல். அதே கரகரப்பு. ஏழாவது.

ஏழாவதுதான் மாரியாயி. ஆறாவதுக்கு இழுத்திருந்தால் அவள் இந்நேரம் சக்கரத்துக்கு அடியில்.

அவர் கோழையில்லை. மௌத்தானவன் திரும்பி வரமாட்டான், வருவதெல்லாம் ஷைத்தானுடைய வேலை என்று ஓதி வளர்ந்தவர். வந்தால் வரட்டும், என் எஞ்சினில் அவன் சட்டம் நடக்காது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஏழு தட்டு வராமல் நகருவதில்லை என்று வைத்துக்கொண்டார். இராசமாணிக்கத்துக்கு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் முகம் வெளுத்துப்போகும். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் கட்டிய மஞ்சள் கயிறு ஒன்று அவன் மணிக்கட்டில் வந்திருந்தது. மீராசாஹிப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மாத்தளைக்குப் போனபோது வீட்டில் மனைவி ஜுனைதா புளியாணம் கிண்டிவிட்டு அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு அகப்பையைக் கீழே வைத்தாள். மீராசாஹிப் சோற்றில் கையை வைத்தபடி ஆறாவதுக்காகக் காத்திருந்தார். சோறு ஆறிப்போனது. என்ன யோசனை என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் சொல்லாத முதல் விஷயம் அது.

நாளாக நாளாக அந்தத் தட்டு முறைதவறத் தொடங்கியது. ஒருநாள் ஐந்துக்குப் பின்னால் வராமல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வந்தது. ஒருநாள் அவர் விசில் கொடுப்பதற்கு முன்பே, கை கயிற்றைத் தொட்டதும், வந்தது. இன்னொரு நாள் காலையில், வெறும் வண்டிகளோடு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, ஆட்கள் எல்லாரும் முதல் வண்டியில் குந்திச் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத கடைசி வண்டியிலிருந்து வந்தது. சுருட்டுப் பேச்சு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாரியாயி மட்டும் பார்த்தாள்.

மாரியாயி வேலைக்கு வந்த பத்தாவது நாள் சுப்பிரண்டன் எஞ்சினில் ஏறினார். மழை வருகிறது, மண் சரிந்தால் ஒரு வாரத்துக்குப் பாதை அடைபடும், இன்றைக்கே மரம் ஆலைக்குப் போயாக வேண்டும் என்றார். ஏறினது மட்டுமல்ல, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வேறு வைத்துக்கொண்டார். பனி அன்றைக்கு எஞ்சினுக்குள்ளேயே வந்திருந்தது. புகைபோக்கி தெரியவில்லை. அடுப்பு வாயின் சிவப்பு மட்டும் தெரிந்தது.

குறுகிய விசில்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

கரகரத்த ஆறு.

உடனேயே, ஒட்டிக்கொண்டு, கரகரத்த ஏழு.

மீராசாஹிப் அசையவில்லை. ஏழு வந்துவிட்டது. வந்துவிட்டதுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை. இரண்டில் எது அவள்? இரண்டுமே அவளில்லை என்றால்? சுப்பிரண்டன் கடிகாரத்தை முகத்துக்கு நேரே பிடித்து, தட்டு வந்தாயிற்றே, என்ன சுணக்கம் என்று கேட்டார். நான் எண்ணினேன், ஆறுக்கு மேலேயே வந்தது என்றும் சொன்னார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

மீராசாஹிப் ரெகுலேட்டரிலிருந்து கையை எடுத்தார். பிரேக்கை இறுக்கினார். சுப்பிரண்டன் கத்துவதைக் கேட்டுக்கொண்டே கீழே இறங்கிப் பின்னால் நடந்தார். ஒரு வண்டி. இரண்டு வண்டி. கம்பத்தோடு கம்பமாக நின்ற பிரேக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வழியை விட்டார்கள். காலுக்கடியில் சரளைக்கல் நெரிந்தது. மேலே அடுக்கிய மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஐந்தாவது வண்டியைத் தாண்டியதும் வேறு ஒரு வாடை. சவர்க்காரமும் சுண்ணாம்பும்.

ஆறாவது வண்டிக்கு அடியில், சக்கரத்துக்கு முன்னால், மாரியாயி தோள்வரை கையை விட்டுக்கொண்டு கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“எத்தன வாட்டி தட்டின?” அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

அவள் தலையை வெளியே எடுத்தாள். “நா இன்னும் தட்டவே இல்லையே.”

அவர் ஈரத்தண்டவாளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மூச்சு. அவ்வளவு நேரம்தான் அன்றைக்கு அவர் காத்தது. இன்றைக்கும் அவ்வளவுதான் காத்திருந்தால்? பயத்தைவிடப் பெரிதாக ஒரு கோபம் கிளம்பியது. தட்டுகிறவன் மேல் இல்லை. கையெழுத்துப் போட்ட இந்தக் கையின் மேல்.

“மாரியாயி,” என்றார். “அன்னைக்கு எனக்கு அஞ்சுதான் கேட்டிச்சு. ஆறு கேட்டிச்சின்னு நா பொய் சொன்னேன்.”

அவள் அழவில்லை. “தெரியும்,” என்றாள். “எடுத்த கட்டைக்கு மறுபடி எறங்குற ஆளில்ல அவரு. எங்கிட்ட சொல்லி என்னாகப் போகுது நானா? எழுதினவங்கக்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

“வா,” என்று எழுந்தார்.

சுப்பிரண்டன் முன்னால், இராசமாணிக்கத்தைப் பக்கத்தில் நிறுத்தி, அதையே மறுபடி சொன்னார். சுப்பிரண்டன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மூடின ஃபைல் மூடினதாக இருக்கட்டும், கிளறினால் மறியலில் கம்பி எண்ணப்போவது நீர்தான், இந்த வயதில் எதற்கு வேண்டாத வேலை, ஏறி வண்டியை எடும் என்றார். மீராசாஹிப் ஏறினார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. எண்ணெய்ப் பெட்டிக்கு மேலே செருகியிருந்த தினசரி ஓட்டத் தாளை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால், ஐந்து தட்டுக்கே எஞ்சினை எடுத்தேன், பிழை என்னுடையது, பொன்னையாவுடையது அல்ல என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இராசமாணிக்கம் அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டான். இரண்டு பேருக்கும் வேலை இருக்காது என்றார் சுப்பிரண்டன். “இல்லாட்டிப் போகட்டும்,” என்றார் மீராசாஹிப். இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு லேசாக அவர் மூச்சு விட்டதில்லை.

தாளை மாரியாயி வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆனால் மரத்தை அப்படியே சரிவில் விட்டுவிட்டும் போக முடியாது. மழை வலுத்துக்கொண்டிருந்தது, மண் இளகினால் ஆறு வண்டியும் கறுப்பியைத் தள்ளிக்கொண்டு லயத்துக்கு மேலேயே போய் விழும். கடைசிக் கட்டையை எடுத்தாக வேண்டும். மாரியாயி சுத்தியலோடு திரும்பி நடக்கத் தொடங்கினாள். மீராசாஹிப் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நீ இங்கனயே நில்லு. இந்தக் கட்டய எடுக்க வேண்டியவன் நாந்தான்.”

எஞ்சினை இராசமாணிக்கம் எடுக்கட்டும், கடைசி வண்டியில் நான் பிரேக் பிடித்து வருகிறேன் என்றார். சுப்பிரண்டன் தலையசைத்தார், எப்படியாவது கீழே போனால் போதும் அவருக்கு. மீராசாஹிப் ஃபயர்மேனின் காதோடு வாயை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். “அஞ்சு, ஆறு, ஏழு ஒண்ணையும் எண்ணாத. நா ஏறினதும் மூணு தட்டுச் சேத்துத் தட்டுவேன். டக்டக்டக். அதுதான் நான். அதுக்கு மட்டும் இழு.” இராசமாணிக்கம் திருப்பிச் சொல்லிக் காட்டினான். சரி.

மறுபடியும் அந்தப் பாதை. ஒரு வண்டி, இரண்டு வண்டி. சுத்தியல் கையில் கனத்தது. வெடித்த தலையை விரலால் தடவிப் பார்த்தார். இது என் கையில் இருக்கிறது, இனி எதால் தட்டுவாய் என்று பனியைப் பார்த்து உரக்கவே கேட்டார். உண்மையைச் சொன்னவனுக்கு என்ன பயம்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

ஆறாவது வண்டி. பிரேக்கை இறுக்கினார். மண்டியிட்டு அடியில் புகுந்தார். வெளிச்சம் குறைந்தது. சக்கரம் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஈரமாக, துரு வாடையோடு. கட்டையின் ஒரு பக்கத்தை மாரியாயி பாதி எடுத்திருந்தாள். மறுபக்கத்தைப் பிடிக்கத் தோள்வரை கையை விட்டார்.

தூரத்தில் குறுகிய விசில்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

மூச்சைப் பிடித்துக்கொண்டார். மழை. ஆவியின் சீறல், வெகு தூரத்தில். தன்னுடைய நெஞ்சு அடிப்பது. அவ்வளவுதான். ஆறாவது வரவில்லை.

இன்னும் காத்தார். இரண்டு மூச்சு. நான்கு. பத்து.

வரவில்லை.

“போய்ட்டான்,” என்று முணுமுணுத்தார். சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. பொன்னையா, மன்னிச்சிரு வாப்பா என்று வாய் தானாகச் சொன்னது. சுத்தியலை ஓங்கிக் கட்டையில் ஒரு அடி. கட்டை அசைந்தது. இன்னொரு அடி. அசைந்த கட்டை ஈரத்தில் வழுக்கி, வந்த வழியே திரும்பிப் போய்ச் சக்கரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. அவருடைய சட்டைக் கையையும் சேர்த்துக் கவ்விக்கொண்டது.

இழுத்தார். வரவில்லை. பரவாயில்லை. அவசரமில்லை. மூன்று தட்டு வராமல் இராசமாணிக்கம் இழுக்கமாட்டான். சுத்தியல் இங்கே இருக்கிறது. இடக்கையால் பொத்தானைக் கழற்றலாம். ஒன்று கழன்றது.

சவர்க்காரமும் சுண்ணாம்பும் மணத்தன.

மாரியாயி சொல்பேச்சுக் கேட்காமல் வந்துவிட்டாளோ? தலையைத் திருப்பினார். சக்கரத்துக்கு அந்தப் பக்கம், சரளைக்கல்லில், இரண்டு கால்கள். முழங்கால்வரை சாக்குச் சுற்றி, கயிறு கட்டியிருந்தது. இடது காலின் கயிறு அவிழ்ந்து தொங்கியது. சாக்கு நசுங்கியிருந்தது. உள்ளே இருந்ததும்.

“யாரு?”

கால்கள் மெல்ல வண்டியின் மூலைக்குப் போயின. கம்பம் இருக்கும் பக்கம். ஏறின.

வண்டி ஒரு ஆளின் கனத்துக்குத் தாழ்ந்தது.

சுத்தியல் இன்னும் கையில்தான் இருந்தது. பார்த்தார். வெடித்த தலை. இறுக்கிப் பிடித்தார். எழும்ப முடிந்தவரை எழும்பினார். சட்டை கிழிந்தது. போதவில்லை.

தலைக்கு நேர் மேலே.

டக்டக்டக்.

கரகரத்து இழுபட்டது மூன்றாவது.

“இல்ல!” என்று கத்தினார். “மாணிக்கம், அது நானில்ல! அஞ்சு! அஞ்சுதான்!”

மழை. ஆறு வண்டி மரம். எழுபது கெஜப் பனி. அவர் சொல்லிக்கொடுத்த சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிறவன் எஞ்சினில் இருந்தான்.

நீள விசில் வந்தது.

மேலே இருந்தவன் இறங்கினான். சாக்குச் சுற்றிய கால்கள் மறுபடியும் சரளைக்கல்லில் வந்து நின்றன. மடங்கின. யாரோ அங்கே குந்தி, அவருக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப்பார்த்தார்கள்.

முன்னாலிருந்து, வண்டிகளைக் கோர்த்திருந்த சங்கிலிகள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு வந்தன. மீராசாஹிப் எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.